எல்லா கஸ்டமருக்கும் ஒரே நம்பர் 2147483647, இது வைரஸா?

கேள்வி: ஈரோட்டுல துணிக்கடை வச்சிருக்கேன் சார். பில்லிங் சாஃப்ட்வேர்ல எந்த கஸ்டமரை எடுத்தாலும் மொபைல் நம்பர் 2147483647னே வருது. செஞ்சு குடுத்தவரு வைரஸ்ங்கறாரு, சர்வர் மாத்தணுமாம், பழைய நம்பரை மீட்க தனி காசாம். குடுக்கலாமா?

பதில்: சல்லிக்காசு குடுக்காதீங்கம்மா. வைரஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. கம்ப்யூட்டர்ல சாதா முழு எண்ணுக்கு 32 இடம், ஒவ்வொண்ணுலயும் 0 இல்ல 1 மட்டும்தான் வைக்கலாம், அதுல ஒண்ணு பிளஸ்ஸா மைனஸான்னு சொல்லவே போயிடும், மிச்சம் 31 இடத்துலயும் 1 போட்டா வர்ற நம்பர்தான் இது, அதுக்கு மேல ஏறாது. நம்ம மொபைல் நம்பர் 6, 7, 8, 9லதானே ஆரம்பிக்குது, எல்லாமே இதைவிட பெருசு, அதனால அத்தனையும் இந்த உச்சத்துலயே முட்டி நின்னுடுச்சு. எஸ்டிடி கோடு இல்லாம லேண்ட்லைன் குடுத்தவங்க நம்பர் மட்டும் சரியா இருக்கும், பாருங்க.

பாவம், நம்பர் மேல குத்தமில்ல. அது பகா எண், 1772லயே ஆய்லர்ங்கற கணித மேதை கம்ப்யூட்டர் இல்லாம நிரூபிச்சது. சும்மா வகுத்துப் பாக்கணும்னா 46340 வரைக்கும் உள்ள பகா எண் எல்லாத்தாலயும், நாலாயிரத்துக்கு மேல, வகுக்கணும். மனுஷன், இதை வகுக்கற பகா எண்ணுன்னு ஒண்ணு இருந்தா அதை 248ஆல வகுத்தா மீதி 1 இல்ல 63தான் வரும்னு கண்டுபிடிச்சு முக்காவாசி வேலையை ஒழிச்சுட்டாரு. (கூட்டுனா 46, அப்புறம் 10, அப்புறம் 1, சூரியன், ராசியான நம்பர்னு எவனாவது வருவான், வாசலோட அனுப்பிடுங்க.)

மீட்டுத் தர்றேன்ங்கறது சுத்த ஏமாத்து. சேவ் பண்ணும்போதே நம்பர் வெட்டுப்பட்டுட்டா உள்ள ஒண்ணுமே இல்ல, எவனாலயும் எடுக்க முடியாது, பழைய பில் புக்கு, எஸ்எம்எஸ் அனுப்பின லிஸ்ட்டுதான் கதி. ஒரே ஒரு விதிவிலக்கு, இதை நல்லா கேளுங்க: சில சமயம் டேட்டாபேஸ்ல, அதாவது தகவல் எல்லாம் சேமிச்சு வைக்கற இடத்துல, நம்பர் ஒழுங்கா இருக்கும், திரையில காட்டற புரோகிராம்தான் அதை எண்ணா மாத்தி கெடுக்கும். அதனால வேற ஒரு ஆளை வச்சு அந்த டேட்டாபேஸை நேரா திறந்து பாக்க சொல்லுங்க, சாஃப்ட்வேர் வழியா இல்ல, நேரா. அங்க சரியா இருந்தா ஒரு வரி மாத்தினா போதும், அதுக்கும் இவரு மீட்புன்னு பில் போடுவாரு, ஜாக்கிரதை.

சரி பண்றது எப்படின்னா போன் நம்பரை எழுத்தா வைக்கணும், எண்ணா இல்ல. மைனஸ் வேணாம்னு விட்டா 4294967295 வரைக்கும் போகும்பாரு, 6, 7, 8, 9 எதுல ஆரம்பிக்கற மொபைல் நம்பருக்கும் அதுவும் பத்தாது. பெரிய எண்ணா வச்சா முன்னாடி உள்ள 0 காணாம போகும். போன் நம்பரை யாராவது கூட்டிக் கழிக்கப் போறோமா? காலேஜ் லேப் ரெக்கார்டுலயே போன் நம்பரை எண்ணா எழுதி மார்க்கு வாங்கிட்டு வந்தவங்க சாஃப்ட்வேர் செஞ்சா வேற எப்படி இருக்கும்.

அப்படியே இன்னொண்ணும் அவர்கிட்ட எழுதி வாங்கிக்கோங்க, தேதியை எப்படி சேமிக்கறாருன்னு. 1970லேர்ந்து செகண்டா எண்ணி இதே 32 இடத்துல வச்சிருந்தா 2038 ஜனவரி 19 காலைல நம்ம நேரத்துக்கு 8:44க்கு அதுவும் முட்டும், அடுத்த செகண்டு எண்ணு மைனஸுக்குத் தாவி, பில்லு 1901 டிசம்பர்னு வந்து நிக்கும்.