பனி கொட்டும் ஊரில் குளிர்காலம் முழுக்க சைக்கிளிலேயே வேலைக்குப் போக முடியுமா?

தாராளமாக முடியும். பின்லாந்தின் ஓலு நகரில் பள்ளிப் பிள்ளைகளே அப்படித்தான் போகிறார்கள்; குளிர்கால சைக்கிள் பயணத்துக்கான முதல் சர்வதேச மாநாடு 2013இல் அங்கேதான் நடந்தது. சைக்கிள் பாதையில் விழுந்த பனியை வாரி, மிச்சத்தை இறுக்கி, பொடிக்கல் தூவிவிடுகிறார்கள். இறுகிய பனியில் டயர் நன்றாகவே பிடிக்கும்.

பயப்பட வேண்டியது, பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த கண்ணாடிப் பரப்புக்குத்தான். அதற்கு ஆணி பதித்த டயர் கட்டாயம் வேண்டும். ஒன்றுதான் வாங்க முடியுமென்றால் முன் சக்கரத்துக்குப் போடுங்கள். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் விழ வேண்டியதுதான்.

அப்புறம் உடை. கிளம்பும்போது லேசாகக் குளிரட்டும், மிதிக்க மிதிக்க உடம்பு சூடாகிவிடும். கைக்கும் காதுக்கும் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். பனியை உருக்க உப்பு தூவிய சாலையென்றால், துருப்பிடிக்காமலிருக்க செயினை அடிக்கடி துடைத்து எண்ணெய் விடுங்கள்.