தூதரகப் பையில் முறுக்கு போகாது

வாசகர் கேள்வி – பதில்

தோட்டத்து லயத்தில் வளர்ந்து, மலேசிய வெளியுறவு அமைச்சான விஸ்மா புத்ராவில் வேலைக்குச் சேர்ந்து, அயல்நாட்டுத் தூதரகங்களுக்கு மாற்றலாகிப் போகும் பிள்ளைகள் சுங்கை சிப்புட் பக்கமும் உண்டு. அவர்களுடைய குடும்பத்தார் அனுப்பிய கேள்விகளில் ஐந்துக்கு இம்மாதம் பதில் தருகிறோம். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் விட்டுவிட்டோம்.

கேள்வி: மகன் ஸ்டாக்ஹோம் தூதரகத்தில் அதிகாரி. மருமகள் இங்கே தமிழ்ப்பள்ளி ஆசிரியை. சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு ஆகஸ்டில் அவனோடு போனாள். தீபாவளிக்குப் பிறகு ஆளே மாறிவிட்டாள். பகலெல்லாம் தூக்கம், கேட்டால் ஒரு வார்த்தை பதில், ரொட்டியாகத் தின்று எடை கூடிவிட்டதாம். “சொகுசு வாழ்க்கைதானே, என்ன குறை?” என்கிறாள் என் தங்கை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பதில்: அம்மா, உங்கள் ஊரில் ஆண்டு முழுக்கப் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் நடுவில் எட்டே முக்காலுக்குச் சூரியன் எழும்பி, மூன்று மணிக்கு முன்பே இறங்கிவிடும். அந்த ஆறு மணி நேரத்திலும் பாதி மேகம். காலை வெளிச்சம் கண்ணில் படாதபோது உடம்புக் கடிகாரம் பின்தங்குகிறது. பகல் தூக்கம், மாவுப் பண்டத்தின் மேல் ஆசை, எடை கூடுதல், ஆட்களைக் கண்டு ஒதுங்குதல் எல்லாம் அதன் பின்னே வரும். இதைப் பருவகால மனச்சோர்வு என்று 1984இல் நார்மன் ரோசன்தால் குழுவினர் விவரித்தார்கள். நீங்கள் எழுதியிருப்பது அதோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனாலும் மருத்துவர் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும். தைராய்டு குறைவும் இதே வேடம் போடும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. புது நாட்டில் முதல் வாரங்கள் திருவிழா மாதிரி இருக்கும், சில மாதத்தில் எதைப் பார்த்தாலும் எரிச்சலும் ஏக்கமும் வரும், பிறகுதான் மெல்லப் பழகும் என்று 1960இல் கலேர்வோ ஓபர்க் என்ற மானிடவியலாளர் எழுதினார். ஆகஸ்டில் போனவருக்கு அந்தச் சரிவு நவம்பர் வாக்கில் வருவது இயல்பு. இருட்டும் சரியாக அப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. மகனுக்கு மேசையும் கோப்பும் இருக்கின்றன. நேற்றுவரை ஒரு வகுப்பே “டீச்சர்” என்று கூப்பிட்ட பெண்ணுக்கு இன்று இருப்பது நாலு சுவர். உங்கள் தங்கைக்கு இதைச் சொல்லுங்கள்.

செய்ய வேண்டியது: 10,000 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தின் அளவு) தரும் சிகிச்சை விளக்கு ஒன்று வாங்கட்டும். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், 20 முதல் 30 நிமிடம், கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு பசியாறலாம், படிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்கக்கூடாது. பலர் ஏமாறுவது தூரத்தில்தான். எத்தனை சென்டிமீட்டரில் 10,000 லக்ஸ் என்று பெட்டியில் எழுதியிருக்கும். 40, 50 என்றால் நல்லது. 15 என்று போட்டிருந்தால் மூக்கை விளக்கில் ஒட்டிக்கொண்டு உட்கார வேண்டும். மூன்றாம் நாள் அது அலமாரிக்குப் போய்விடும். மாலையில் போட்டால் ராத்தூக்கம் கெடும். தோலைக் கறுக்க வைக்கும் புறஊதா விளக்கு வேறு, அதைத் தொடவே வேண்டாம். கண்ணில் நோய் இருந்தாலோ, இருமுனை மனநோய் இருந்தாலோ மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக்கூடாது. ஒன்றிரண்டு வாரத்தில் மாற்றம் தெரியும். வெயில் காணாத நம் மாநிறத்துக்கு வைட்டமின் டி குறைவதும் சகஜம், இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளட்டும். ஆனால் அந்த மாத்திரை விளக்கின் வேலையைச் செய்யாது. நண்பகலில் அரை மணி வெளியே நடப்பது செய்யும். மேகம் மூடிய வானம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

இனி உங்கள் பங்கு. குளிர்காலத்தில் அவர்கள் நமக்கு 7 மணி நேரம் பின்னால். காலை ஆறு மணிக்குத் தேநீர் கலக்கிக்கொண்டே நீங்கள் புலனத்தில் அழைத்தால் அங்கே இரவு பதினொன்று. வரவேண்டிய தூக்கத்தையும் கலைத்துவிடுவீர்கள். மாலை ஐந்துக்கு அழையுங்கள், அங்கே காலை பத்து. மார்ச் கடைசி ஞாயிறிலிருந்து வித்தியாசம் 6 மணி நேரமாகிவிடும். தினமும் ஒரு மணி நேரம் வேண்டாம். வாரம் மூன்று முறை, பத்து நிமிடம், சொன்ன நேரத்தில். “ஏன் சோகமா இருக்கே?” என்று கேட்காமல் வேலை கொடுங்கள். பேரப்பிள்ளைகளுக்கு இணையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கட்டும். ஒரு மணிக்கு ஒரு வகுப்பு இருக்கிறதென்றால் பன்னிரண்டுக்கு எழுந்தாக வேண்டுமே!

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மருத்துவர். “இருந்து என்ன பயன்” என்ற மாதிரிப் பேச்சு வந்தால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் மகன் அவளைத் தனியே விடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப்போக வேண்டும். சுவீடனில் அவசர எண் 112.

கேள்வி: மருமகன் அபுதாபி தூதரகத்தில் எழுத்தர் நிலைப் பணியாளர். அடுத்த மாதம் மகளும் பேத்தியும் போகிறார்கள். மசாலா, முறுக்கு, மருந்தெல்லாம் கட்டிக்கொண்டிருக்கிறேன். தூதரகக் குடும்பத்தின் பெட்டியைத் திறக்கமாட்டார்களாமே? பிறகு தேவைப்பட்டால் ‘தூதரகப் பை’யில் போட்டு அனுப்பலாமா?

பதில்: திறப்பார்கள் அம்மா. 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் இதற்கெல்லாம் சட்டம். அதன் 36ஆவது பிரிவு தூதரக அதிகாரியின் சொந்தப் பெட்டிக்குச் சோதனையிலிருந்து விலக்குத் தருகிறது. அதிலும், தடைசெய்த பொருள் இருப்பதாக வலுவான சந்தேகம் எழுந்தால் அவர் முன்னிலையில் திறக்கலாம். உங்கள் மருமகனைப் போன்ற நிர்வாக, தொழில்நுட்பப் பணியாளருக்கு 37ஆவது பிரிவு. அவர்களுக்குச் சுங்கவரி விலக்கு முதன்முறை குடியேறும்போது கொண்டுவரும் பொருளுக்கு மட்டும். பெட்டிச் சோதனை விலக்கை அந்தப் பிரிவு அவர்களுக்குத் தரவே இல்லை. ஆகவே கட்டில், அரைக்கும் இயந்திரம், பேத்தியின் மேசை எல்லாம் முதல் தடவையே போகட்டும். ‘பிறகு அனுப்பலாம்’ என்று வைத்த பொருளுக்குத்தான் வரி விழும்.

தூதரகப் பை என்பது தூதரகமும் தலைமையகமும் அனுப்பிக்கொள்ளும், யாரும் திறக்கக்கூடாத முத்திரைப் பை. அதில் அரசு ஆவணங்களும் அலுவலகப் பயன்பாட்டுப் பொருள்களும் மட்டுமே வைக்கலாம் என்று 27ஆவது பிரிவு சொல்கிறது. முறுக்கு எவ்வளவு மொறுமொறுப்பாக இருந்தாலும் அரசு ஆவணம் ஆகாது.

இப்போது உங்கள் அஞ்சறைப் பெட்டிக்கு வருவோம். கசகசாவை எடுத்துவிடுங்கள். இங்கே பசாரில் சாதாரணமாகக் கிடைக்கிறது. ஐக்கிய அரபு சிற்றரசுகளில் அது போதைப்பொருள் குற்றம். சிங்கப்பூரிலும் தடை. குர்மாத்தூள் பாக்கெட்டின் பின்புறம் ‘காஸ்-காஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். கசகசா வைத்திருந்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்துக் கொடுங்கள், நாலு விதை ஒட்டிக்கொண்டிருந்தாலும் வம்பு. குர்மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி கசகசாவுக்குப் பதில் ஏழெட்டு முந்திரியை இருபது நிமிடம் ஊறவைத்துத் தேங்காயோடு அரைத்தால் போதும், கெட்டியாக வரும்.

மருந்தில் இன்னும் கவனம் வேண்டும். கொடீன் கலந்த இருமல் மருந்து, வலிநிவாரணியான திராமடோல், நரம்பு வலிக்குத் தரும் பிரிகாபலின் ஆகியவை அங்கே கட்டுப்பாட்டு மருந்துகள். கொண்டுபோவதற்கு முன்பே அந்நாட்டு அரசிடம் இணையவழி அனுமதி வாங்க வேண்டும். நம் கிளினிக்குகளில் மாத்திரையைச் சிறு பிளாஸ்டிக் உறையில் எண்ணிப் போட்டு, “ஒரு நாளைக்கு 3 வேளை” என்று எழுதித் தருவார்கள் இல்லையா, அந்த உறைதான் விமான நிலையத்தில் தொல்லை. எந்த மருந்து என்று அதைப் பார்த்து யாருக்கும் தெரியாது. அட்டையோடும் பெட்டியோடும் கேட்டு வாங்குங்கள். வணிகப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும். ஆகவே மூலப்பெயர், மில்லிகிராம், எதற்காக என்பதை ஆங்கிலத்தில் மருத்துவர் கடிதமாகத் தரட்டும். இரண்டு நகல். மருந்து கைப்பையில் போகட்டும், சரக்குப் பெட்டியில் வேண்டாம்.

கேள்வி: பேரன் ஆண்டு 4, பேத்தி படிவம் 2. மூன்றாண்டு வெளிநாட்டுக்குப் போய்த் திரும்பினால் தமிழும், படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வும் என்ன ஆகும்?

பதில்: பேத்தியைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும் ஐயா. பேரன் திரும்பும்போது இடைநிலைப்பள்ளியின் தொடக்கத்தில் இருப்பான், ஈடுகட்டிவிடலாம். பேத்தி திரும்புவது படிவம் 5இல், தேர்வு வாசலில். மலாய்மொழியும் வரலாறும் தேறாமல் எஸ்.பி.எம். சான்றிதழ் கிடையாது. அனைத்துலகப் பள்ளியில் மூன்றாண்டு படித்த பிள்ளைக்கு அறிவியல் தடுமாறாது, நம் நாட்டு வரலாறுதான் தடுமாறும். இரண்டு வழி. ஒன்று, அங்கேயே அனைத்துலகப் பள்ளியின் ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வை எழுதி முடித்து, அரசு வேலைக்கு வேண்டிய மலாய்மொழியைப் பிறகு தனித்தேர்வராக எழுதுவது. மற்றது, படிவம் 4 தொடங்கும்போதே உங்களிடம் திரும்பி வந்து படிப்பது. எங்கள் கருத்தில், பேத்தி தாயைப் பிரிந்திருக்கத் தயார் என்று அவளே சொன்னால் மட்டும் இரண்டாவது. எதுவானாலும் போகும் முன்பே முடிவெடுங்கள். பாதியில் வழி மாற்றினால் இரண்டும் கெடும். கல்வியமைச்சின் டெலிமா தளத்தில் பாடநூல்கள் இருக்கின்றன. மலாய்மொழி வாசிப்பு தினம் இருபது நிமிடம் போதும்.

தமிழில் முதலில் போவது எழுத்து, பிறகு வாசிப்பு; பேச்சு கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் தாத்தாவோடு பேசுவது மட்டும் போதாது. வாரம் மூன்று நாள், நீங்கள் ஐந்து வரி சொல்ல, பேரன் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்பட்டும். ற, ர குழப்பம்தான் முதல் அறிகுறி. அது தலைகாட்டினால் ஐந்து வரியைப் பத்தாக்குங்கள்.

பள்ளி விலகல் கடிதம், கடைசி மூன்றாண்டு மதிப்பெண், தடுப்பூசிப் புத்தகம் மூன்றுக்கும் முத்திரையிட்ட ஆங்கிலப் படி கேளுங்கள். பள்ளி விடுமுறை தொடங்குமுன் கேட்டால்தான் கிடைக்கும்.

கேள்வி: மகளைக் கணவன் அடிக்கிறான். “எனக்குத் தூதரகப் பாதுகாப்பு இருக்கிறது, எந்த போலீஸும் தொடமுடியாது” என்கிறானாம். உண்மையா?

பதில்: பாதி உண்மை, அதைத்தான் அவர் மிரட்டலாக்குகிறார். அவர் வேலை பார்க்கும் நாட்டில் தூதரக அதிகாரியைக் கைது செய்ய முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு அவருடைய சொத்து இல்லை, மலேசியாவுடையது. மேலே சொன்ன வியன்னா உடன்படிக்கையின் 32ஆவது பிரிவின்படி மலேசியா அதை விலக்கிக்கொள்ளலாம். நம் நாட்டுச் சட்டத்திலிருந்து அது அவரை விடுவிக்காது என்று 31ஆவது பிரிவே சொல்கிறது. மகள் தன் கடப்பிதழையும் பிள்ளைகளுடையதையும் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். காயத்துக்கு மருத்துவமனைப் பதிவு வேண்டும், படங்கள் உங்கள் மின்னஞ்சலுக்கு வரட்டும். புகார் தூதரகத் தலைவரிடம். அங்கே தயக்கமென்றால் நேரே புத்ராஜெயாவிலுள்ள தலைமையகத்துக்கு. நீங்கள் இங்கிருந்து 15999 தாலியான் காசே உதவி எண்ணை எந்நேரமும் அழைக்கலாம். மருமகனை மட்டும் அழைத்துக் கண்டிக்காதீர்கள். அந்தக் கோபம் அன்றிரவே மகள்மேல் திரும்பும்.

கேள்வி: தூதரகம் இருக்கும் நாட்டில் கலவரம் வந்தால் இங்கே நாங்கள் என்ன செய்வது?

பதில்: 2017 மார்ச் 7 அன்று வட கொரியா மலேசியர்கள் வெளியேறத் தடை போட்டது. பியோங்யாங் தூதரகப் பணியாளரும் குடும்பத்தாருமாக 9 பேர் ஊர் திரும்பியது மார்ச் 31 அன்று, 24 நாள். அத்தனை நாளும் உறவினர் ஆளாளுக்கு அழைத்துக்கொண்டிருந்தால் என்ன ஆகும்? கைப்பேசியில் மின்சாரமும் இருக்காது, மனத்தில் தெம்பும் இருக்காது.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசட்டும், மற்றவர்களுக்கு அவர் சொல்லட்டும். அங்கிருந்து தினமும் குறித்த நேரத்தில் “நலம்” என்று ஒரே சொல் வந்தால் போதும் என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எங்கே தங்கியிருக்கிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள் என்பது முகநூலில் வரவே கூடாது, “பிரார்த்தனை செய்யுங்கள்” என்ற பதிவோடும் கூடாது. அங்கே ஆளுக்கொரு பை, அவரவர் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கக்கூடிய கனம்: கடப்பிதழ், சிறு நோட்டாக டாலர், இரண்டு வார மருந்து, கைப்பேசிக்கு மின்னேற்றும் மின்கலப் பெட்டி, நடக்கும் காலணி, தண்ணீர். கார் எண்ணெய்த் தொட்டி பாதிக்குக் கீழே இறங்கக்கூடாது.

உங்கள் வீட்டில் ஒரு கோப்பு போதும்: ஒவ்வொருவரின் கடப்பிதழ் முதல் பக்கம், பிறப்புச் சான்று, இரத்த வகை, ஒவ்வாமை, மருந்துப் பட்டியல், விஸ்மா புத்ராவில் அவர்களுடைய பிரிவின் தொலைபேசி எண். அந்த எண்ணைப் பெட்டி கட்டும் நாளிலேயே கேட்டு, கோப்பின் மேலட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள்.