ஃபைன் கட்டினால் கேஸ் முடிந்துவிடுமா?

கேள்வி: எனக்கு வயது 20. பெற்றோர் எஸ்டேட் தொழிலாளர்கள். சீசன் நேரத்தில் சிம்ஸ் பார்க் பக்கம் வண்டி நிறுத்துவதில் ஒரு டூரிஸ்ட்டோடு தகராறாகி, கைகலப்பாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த சட்டம்) 296(பி), 115(2) பிரிவுகளில் என் மேல் எஃப்.ஐ.ஆர். போட்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். இப்போது சம்மன் வந்திருக்கிறது. "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டு, அரை மணி நேரத்தில் முடிஞ்சிடும்" என்கிறார்கள் நண்பர்கள். போலீஸ் தேர்வுக்குப் படிக்கிறேன். வீட்டுக்குத் தெரியாது.
- பெயர் வேண்டாம், குன்னூர்

பதில்: தம்பி, அரை மணி நேரம்கூட ஆகாது. பெயரைக் கூப்பிடுவார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்பீர்கள். பணம் கட்டி ரசீது வாங்கி, மதியம் வீட்டில் இருப்பீர்கள், குற்றவாளி என்று தீர்ப்பான ஆளாக. அபராதமும் தண்டனைதான். ஹெல்மெட் ஃபைன் கணக்கில் இதைச் சேர்க்காதீர்கள்.

296(பி) என்பது பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டியது: மூன்று மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 115(2) காயப்படுத்தியது: ஓராண்டு வரை அல்லது 10,000 வரை, அல்லது இரண்டும். சின்ன கேஸ்தான், சரி. ஆனால் நீங்கள் எழுதப்போவது போலீஸ் தேர்வு. சாட்சி பிறழ்ந்தோ சந்தேகத்தின் பலனிலோ விடுதலையானவரைக்கூட, வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே நம் காவலர் பணி விதிகள் பார்க்கின்றன. ஒத்துக்கொண்டவர் நிலையைக் கேட்கவே வேண்டாம்.

வாய்தாவுக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள், பிடிவாரண்ட் வரும். அதற்கு முன்பே வக்கீலைப் பாருங்கள். காசில்லை என்றால் 15100க்குப் போன் செய்து இலவச சட்ட உதவி கேளுங்கள். ஊட்டியில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. யார் முதலில் கை நீட்டியது என்று கடிதத்தில் நீங்கள் எழுதவே இல்லை. என்னிடம் சொல்ல வேண்டாம், வக்கீலிடம் மறைக்காதீர்கள்.

115(2) அடிபட்டவர் சம்மதித்தால் சமாதானமாகப் போகக்கூடிய பிரிவு. 296 அப்படியல்ல, அதற்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் மலையேறி வர அந்த டூரிஸ்ட்டுக்கும் ஆசை இருக்காது. ஆனால் நீங்களாக அவருக்குப் போன் போடாதீர்கள். மிரட்டினான் என்று இன்னொரு பிரிவு சேரும். எல்லாம் மீறித் தண்டனை என்றாலும், சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை உறுதியின் பேரில் விடுவிக்க 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டம் இருக்கிறது. அதன்படி விடுவிக்கப்பட்டால், தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது. அதைக் கேட்கத் தெரிந்தவர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

விண்ணப்பத்தில் வழக்கு உண்டா என்று கேட்டால் உண்டு என்றே எழுதுங்கள். இளவயதுச் சிறு குற்றத்தை மறைத்ததை வேலை தருபவர் மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016இல் அவதார் சிங் வழக்கில் சொன்னது உண்மை. மன்னிப்பதும் மறுப்பதும் அவர்கள் கையில்.

அப்புறம், அப்பாவிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். நாளை வெரிஃபிகேஷனுக்கு வரும் போலீஸ்காரர் எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் நின்று சொல்லி அவர் தெரிந்துகொள்ள வேண்டாம்.