உதவி வாங்கியவர் ஏன் விலகிப் போகிறார்?

கேள்வி: பதினைந்து வருட நண்பன். வேலை போய்த் தவித்தபோது ஆறு மாதம் அவன் வீட்டுச் செலவை நான் பார்த்துக்கொண்டேன். தெரிந்தவரிடம் சொல்லி வேலையும் வாங்கிக் கொடுத்தேன். இன்று நன்றாக இருக்கிறான். ஆனால் என்னைப் பார்த்தால் ஒதுங்குகிறான், போனை எடுப்பதில்லை. எனக்குத் திமிர் என்று மற்றவர்களிடம் சொல்கிறானாம். கொடுத்த பணத்தை ஒருநாளும் நான் கேட்டதில்லை. இனி யாருக்கும் உதவக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். சரிதானே?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. முடிவை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள்.

உங்கள் நண்பர் மறந்துவிட்டார் என்று நினைக்கிறீர்கள். மறந்திருந்தால் உங்களோடு சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார். உங்கள் முகத்தைப் பார்த்ததும் அந்த ஆறு மாதமும் அவருக்கு நினைவுக்கு வருகிறது. கையேந்தி நின்ற காலத்தை யாரும் திரும்பிப் பார்க்க விரும்புவதில்லை. உதவி பெற்றவருக்கு உதவியவர் மேல் இருக்கும் பிரியத்தைவிட, உதவியவருக்குப் பெற்றவர் மேல் இருக்கும் பிரியம்தான் அதிகம் என்று அரிஸ்டாட்டில் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே கவனித்து எழுதியிருக்கிறார். ஆகவே இது இந்தக் காலத்து மனிதர்களின் கோளாறு இல்லை.

திமிர் என்ற பேச்சும் இங்கிருந்து வந்திருக்கலாம். உங்களிடம் ஒரு குறையைக் கண்டுபிடித்துவிட்டால் அவருக்குப் பாரம் கொஞ்சம் இறங்கும். அவர் பேசியது தவறுதான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் ஒன்று கேட்கிறேன், உங்களுக்குள்ளேயே பதில் சொல்லிக்கொள்ளுங்கள்: நாலு பேர் நடுவில் அந்த உதவியைப் பற்றி எப்போதாவது பேசினீர்களா?

அப்புறம், பணத்தைக் கேட்கவே இல்லை என்கிறீர்கள். அது பெருந்தன்மைதான். ஆனால் கடனை அடைக்க அவருக்கு வழியே இல்லாமல் போனதும் அதனால்தான். திருப்பிக் கொடுத்திருந்தால் உங்கள் முன்னால் நிமிர்ந்து நின்றிருப்பார்.

பின்னாளில் அமெரிக்காவின் பெரிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1730-களில் பென்சில்வேனியா சட்டமன்றத்தில் எழுத்தராக இருந்தார். அவரை எதிர்த்துப் பேசிய உறுப்பினர் ஒருவரிடம் ஓர் அரிய புத்தகத்தை இரவல் கேட்டு வாங்கினார்; ஒரு வாரத்தில் நன்றிக் குறிப்போடு திருப்பி அனுப்பினார். அதுவரை முகம் கொடுத்துப் பேசாத அந்த மனிதர் அடுத்த சந்திப்பில் தானாக வந்து பேசினார்; அந்த நட்பு அவர் இறக்கும்வரை நீடித்தது. 1969-இல் ஜெக்கர், லாண்டி என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் இதைச் சோதித்தபோதும், தங்களிடம் நேரில் உதவி கேட்டவரை மக்களுக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தது.

நீங்களும் அவரிடம் ஏதாவது கேளுங்கள். அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு விஷயமாக, உங்களுக்கு உண்மையிலேயே தேவையானதாக இருக்கட்டும். போலியாகக் கேட்டால் கண்டுபிடித்துவிடுவார். அவர் செய்து கொடுத்ததும் மனதார நன்றி சொல்லுங்கள்; பழையதை எடுக்காதீர்கள். பணம் தருகிறேன் என்றால், சின்னத் தொகையாக இருந்தாலும் மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

இதற்கும் அவர் அசையவில்லை என்றால் விட்டுவிடுங்கள், துரத்த வேண்டாம். ஆனால் நாளை வேறொருவர் வந்து நிற்கும்போது இவர் செய்ததற்காக அவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். எப்படி, எப்போது திருப்பித் தருவது என்பதை மட்டும் அன்றைக்கே பேசிவிடுங்கள்.