பிப் முடிவுக்குக் காத்திருக்கும் கடையத்துத் தங்கச்சிக்கு

கடையத்திலிருந்து கல்யாணமாகி இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்குப் போயிருக்கும் ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். போய் இன்னும் இரண்டு வருஷம் ஆகவில்லை. வீட்டுக்காரர் சின்ன வயதிலேயே அங்கே போனவர், பிரிட்டிஷ் பாஸ்போர்ட். போன ஆவணியில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வரவில்லை. பிப் என்கிற மாற்றுத்திறனாளி உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு, போனில் அசெஸ்மென்ட்டும் முடிந்துவிட்டது. முடிவு வரவில்லை. ‘அண்ணாச்சி, தினமும் போன் போட்டுக் கேட்கலாமா? என் விசாவுக்கு எதுவும் ஆகுமா? முடிவு வரும்வரை அவரை ஊருக்குக் கூட்டிப் போய் எண்ணெய் வைத்தியம் பார்க்கலாமா? அப்புறம் குளிர், வேலை, டிரைவிங் லைசென்ஸ் பற்றியும் சொல்லுங்கள்’ என்கிறார்.

குளிரும் லைசென்ஸும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள் தங்கச்சி. கேட்காவிட்டாலும் சொல்வார்கள், அதற்கென்றே நம் ஆட்கள் சேனல் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இந்த பிப். என் வீட்டம்மாவுக்கு முடக்குவாதம். விரல் கணுவெல்லாம் வீங்கி, காலையில் எழுந்தால் பத்து மணி வரைக்கும் ஒரு ஊக்கு மாட்ட முடியாது. அவளுக்காக நானும் இதே மாதிரி தபால்காரனைப் பார்த்துக்கொண்டு ஜன்னலில் நின்றவன்தான். இங்கிலாந்திலிருந்து நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு வந்த இடத்தில், பாளையங்கோட்டை மகாராஜநகரில் என் தங்கை வீட்டு மாடியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாரல் காற்று கொடியில் கிடக்கிற வேட்டியைப் படாத பாடு படுத்துகிறது.

விசா விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். உங்கள் விசாவில் ‘பொது நிதி கிடையாது’ என்று இருக்கும், அதாவது அரசு உதவித்தொகை வாங்கக் கூடாது என்று. அது உங்களுக்கு, மாப்பிள்ளைக்கு இல்லை. பிப் அவருடைய சொந்த உரிமை; நீங்கள் கூட இருப்பதால் அதில் ஒரு பவுண்டு கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. ஆகவே பயம் வேண்டாம். ஆனால் அவருக்கு பிப் வந்ததும் யாராவது ஒரு புண்ணியவான் ‘நீதானே பார்த்துக்கொள்கிறாய், உன் பெயரில் கேரர்ஸ் அலவன்ஸ் போடு’ என்று சொல்வான். போட்டுவிடாதீர்கள். அது பொது நிதிக் கணக்கில் வருவது, உங்கள் விசாவையே கெடுத்துவிடும். இன்னொன்று, இதை நிறைய பேர் கவனிப்பதில்லை. மனைவி விசாவுக்கு வருமான வரம்பு வைத்திருக்கிறார்களே, முன்பு 18,600 பவுண்டு, 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக வருகிறவர்களுக்கு 29,000 என்று, கணவர் பிப் வாங்குகிறவராக இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. குடும்பம் நடத்தப் போதுமான அளவு இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். நீங்கள் விசா நீட்டிக்கும்போது இது பெரிய காரியம். முறையான குடிவரவு வக்கீல் ஒருவரிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

இனி காத்திருப்பது. தினமும் போன் போடுவதில் பிரயோஜனம் இல்லை. எடுக்கிற பிள்ளைக்கு உங்கள் ஃபைல் எந்த மேஜையில் கிடக்கிறது என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஒரே ஒரு தடவை போட வேண்டும், அது இப்போதே. போட்டு அசெஸ்மென்ட் ரிப்போர்ட்டின் நகல் வேண்டும் என்று கேளுங்கள். முடிவு வருகிறவரை பொறுக்கத் தேவையில்லை, ரிப்போர்ட் அரசுத் துறைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால் முன்னாடியே தருவார்கள். முடிவு செய்கிறவர் உங்களிடம் பேசிய ஆள் இல்லை. பேசியவர் ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். முடிவெடுப்பவர் துறையில் உட்கார்ந்திருக்கும் வேறொருவர், அவர் மாப்பிள்ளையைப் பார்த்ததே கிடையாது. அவர் கையில் இருப்பது அந்த ரிப்போர்ட்டும் நீங்கள் அனுப்பிய தாள்களும்தான். ரிப்போர்ட்டில் தப்பு இருந்தால் இப்போதே எழுதி அனுப்பிவிடலாம்.

தப்பு இருக்குமா என்றால், எங்கள் கதையைக் கேளுங்கள். எங்களுக்கு அசெஸ்மென்ட் பண்ண வீட்டுக்கே ஆள் வந்தது. கம்பெனி பேர் எதற்கு, இப்போது அது என்ன பெயரில் இருக்கிறதோ. ஒரு வெள்ளைக்கார அம்மா, லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தார். வீடு தேடி வந்தவரை ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்ப நம் வீட்டுப் பெண்களுக்கு வருமா? என் வீட்டம்மா என்னை எழுந்திருக்காதே என்று கண்ணால் சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டாள். வந்தபோது தட்டை விரலால் பிடிக்கவில்லை, இரண்டு முன்னங்கைகளையும் அடியில் கொடுத்துத் தாங்கிக்கொண்டு வந்தாள். காப்பியில் கால்வாசி தட்டில் கிடந்தது. நடுவில் ஊரிலிருந்து வந்த முந்திரிக்கொத்து. அந்த அம்மா இரண்டு முந்திரிக்கொத்து சாப்பிட்டார், நன்றாக இருக்கிறது என்று சொன்னார், போனார். போனபிறகு இவள் சாயங்காலம் வரை கையை வெந்நீர்ச் சட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? சூடான பானம் தானே தயாரித்தார், தட்டை இரு கைகளாலும் தூக்கி வந்தார், சிரமம் எதுவும் தெரியவில்லை, புன்னகையோடு பேசினார். ஒவ்வொரு காரியத்துக்கும் பாயிண்ட் போடுவார்கள், அதில் சமைப்பதற்குப் பூஜ்யம். எனக்கு இன்றைக்கும் அந்த முந்திரிக்கொத்தை நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

சட்டத்தில் அப்படி இல்லை, அதைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று எழுத வேண்டுமானால், அதை ஆபத்தில்லாமல், ஒழுங்காக, வேண்டியபோதெல்லாம் திரும்பவும், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடியவேண்டும். நாலில் ஒன்று குறைந்தாலும் முடியாது என்றுதான் கணக்கு. அதுவும் பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறார் என்பதே கேள்வி. மாப்பிள்ளை ஒரு நாள் நல்லபடியாக மாடிப்படி ஏறியதை வைத்து எழுதியிருந்தால் மறுக்கலாம். நடப்பதற்கு 20 மீட்டர் என்று ஒரு கோடு வைத்திருக்கிறார்கள், இரண்டு டவுன் பஸ்ஸை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் ஏறக்குறைய அவ்வளவு. அதற்கு மேல் நடக்க முடியாதவருக்கு 12 பாயிண்ட். போனில் கேட்கும்போது ‘கடைக்குப் போவேன்’ என்று சொல்லியிருப்பார், நடுவில் எத்தனை தடவை நின்றார் என்று சொல்லியிருக்க மாட்டார். அதை எழுதுங்கள்.

அன்றாட வாழ்க்கைக்குப் பத்து காரியம், நடமாட்டத்துக்கு இரண்டு. ஒவ்வொரு பிரிவிலும் 8 பாயிண்ட் வந்தால் சாதாரணத் தொகை, 12 வந்தால் கூடுதல். 2025-26 கணக்கில் அன்றாடப் பிரிவுக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண்டு, நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. வேலை பார்த்தாலும் கிடைக்கும், சம்பளம் எவ்வளவு என்று கேட்பதில்லை, வரியும் இல்லை. முடிவு எத்தனை மாதம் தள்ளிப்போனாலும் முதல்முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து சேர்த்துத் தருவார்கள். ஆகவே தாமதத்தால் பணம் போய்விடாது. அதற்குள் வாடகைக்குத் திண்டாட்டம் என்றால், அவர் வேலையிலிருந்து நேஷனல் இன்சூரன்ஸ் கட்டியவர் ஆயிற்றே, உடம்பு முடியாமல் வேலை பார்க்க இயலாதவர்களுக்குத் தருகிற புது முறை இ.எஸ்.ஏ. தனியாகக் கேட்கலாம். (ஸ்காட்லாந்தில் இருப்பவர்கள் இதைப் படித்துக் குழம்ப வேண்டாம், அங்கே பிப்புக்குப் பதில் வேறு ஒன்று.)

நம் ஊர் ஆட்களுக்கு இது பிடிபடாததற்குக் காரணம் உண்டு. என் அண்ணனுக்குச் சின்ன வயதில் போலியோ. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் டாக்டர் டேப்பை வைத்து இரண்டு காலையும் அளந்தார், முழங்காலை மடக்கிப் பார்த்தார், ஒரு சதவீதம் போட்டார். 40-க்கு மேல் வந்ததா, கையெழுத்து, சீல், அட்டை. அதைத் தூக்கிக்கொண்டு கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசுக்கு, திங்கட்கிழமை மனு கொடுக்கிற கூட்டத்தில் நிற்க வேண்டும். அண்ணன் வீட்டில் எப்படிக் குளிக்கிறான், யார் தண்ணீர் எடுத்து ஊற்றுகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டது கிடையாது, கேட்க வேண்டிய தேவையும் இல்லை. காலைப் பார்த்தாலே தெரியும். இங்கிலாந்தில் நேர் எதிர். வியாதியின் பெயருக்கு ஒரு பாயிண்ட்கூடக் கிடையாது. பக்கவாதம் என்று டாக்டர் சர்டிபிகேட் வைத்துவிட்டோமே, இதற்கு மேல் என்ன என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். அந்த மனிதர் எப்படிப் பல் தேய்க்கிறார், யார் சட்டை மாட்டிவிடுகிறார்கள் என்று வெட்கத்தை விட்டு எழுதினால்தான் உண்டு. நம் ஆம்பிளைகளுக்கு அது உயிர் போகிற காரியம். மாப்பிள்ளையும் அசெஸ்மென்ட்டில் சமாளித்துத்தான் பேசியிருப்பார். அதனால்தான் நீங்கள் ஒரு வாரத்துக்கு டைரி எழுதுங்கள் என்கிறேன்: காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், எதற்கு உங்களைக் கூப்பிட்டார், எங்கே விழப் பார்த்தார் என்று. பிஸியோதெரபிஸ்ட் கடிதமும் சேரட்டும்.

ஒருவேளை முடிவு பாதகமாக வந்தால் இடிந்துபோய் உட்கார வேண்டாம். கடிதத்தின் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் மாற்றவில்லை என்றால் ட்ரிப்யூனல் என்கிற தீர்ப்பாயம். ட்ரிப்யூனல் வரை போனவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாதகமாகத்தான் வந்திருக்கிறது. எங்களுக்கும் அங்கேதான் விடிந்தது. ஒரு நீதிபதி, ஒரு டாக்டர், மாற்றுத்திறனாளிகள் பற்றித் தெரிந்த ஒருவர் என்று மூன்று பேர். டாக்டர் அம்மா இவளைப் பார்த்து, ‘உங்களுக்குத் தலை பின்னி விடுவது யார்?’ என்று கேட்டார். இவள் என்னைக் கைகாட்டினாள். நான் பின்னிய சடையை மூன்று பேரும் ஒரு நிமிஷம் பார்த்தார்கள். வேறு சாட்சி தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன்.

அந்த வழியை எங்களுக்குக் காட்டியது யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர். எங்கள் தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஈழத்து ஆட்கள் ஒன்றுமே இல்லாமல் வந்து இறங்கி, ஒவ்வொரு பாரத்தையும் படித்துப் படித்துத் தேறியவர்கள், வெட்கப்படாமல் கேட்பார்கள், அடுத்தவருக்கும் சொல்லித் தருவார்கள். நம் இந்தியத் தமிழ் ஆட்களில் பாதிப் பேர் வேறு மாதிரி. ‘பெனிஃபிட்டா? நம்ம ஆளுங்க வாங்கலாமா?’ என்பார்கள், வரி மட்டும் வருஷம் தவறாமல் கட்டியிருப்பார்கள். மீதிப் பாதியில் சிலர் பாரம் நிரப்பித் தருகிறேன் என்று நூற்றுக்கணக்கில் பவுண்டு கேட்கிறவர்கள். அந்த வகை அண்ணன்மாரிடம் போய்விடாதீர்கள். எல்லாருக்கும் ஒரே வாசகத்தை எழுதிக் கொடுக்கிறார்கள், படுக்கையை விட்டு எழவே மாட்டார் என்று. ரிப்போர்ட்டில் வேறு மாதிரி இருந்தால் மாட்டுவது மாப்பிள்ளை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் என்கிற தொண்டு நிறுவனத்தில் காசில்லாமலே உட்கார்ந்து எழுதித் தருவார்கள்.

நான் 2003-ல் போனபோது இதெல்லாம் சொல்ல ஆளில்லை. தை மாதம். நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய், அங்கிருந்து விமானம் ஏறி, வாங்கிய ஸ்வெட்டர் பெட்டிக்குள் அடியில் கிடக்க, விமான நிலையத்தில் நடுங்கிக்கொண்டு நின்றேன். தங்க இடம் கொடுத்தவர் நம் ஆள்தான். கரண்டுக்குச் சாவியில் காசு ஏற்றிப் போடுகிற மீட்டர், ராத்திரி காசு தீர்ந்தால் காலை வரை இருட்டு. முன்னால் குடியிருந்தவன் வைத்த கடனையும் அந்த மீட்டர் என்னிடமே பிடித்தது என்பது எனக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருந்தால் சரி செய்திருப்பார்கள். சொன்னாரா அந்த மனிதர்? இப்போது ஊருக்கு வந்தால் பெரிய கார், கோயிலுக்கு நன்கொடை. சரி, விடுங்கள்.

ஊருக்குக் கூட்டி வருவது பற்றி. பிப்பில் 13 வாரம் வரை வெளிநாட்டில் இருக்கலாம், வைத்தியத்துக்கென்றே போனால் 26 வாரம். ஆனால் எண்ணெய்த் தடவலை அவர்கள் வைத்தியம் என்று ஒத்துக்கொள்வார்கள் என்று நம்பி வராதீர்கள், 13-க்குள் திரும்பிவிடுங்கள். நாலு வாரத்துக்கு மேல் என்றால் முன்கூட்டியே சொல்லவும் வேண்டும். நாங்கள் இப்போது சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறோம். உங்கள் இடத்தில் நான் இருந்தால் முடிவு வருகிறவரை கோவென்ட்ரியை விட்டு நகர மாட்டேன். இன்னொரு தடவை பேச வேண்டும் என்று கடிதம் கோவென்ட்ரிக்கு வந்து, நீங்கள் தென்காசிப் பக்கம் வைத்தியர் வீட்டுத் திண்ணையில் இருந்தால், வரவில்லை என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்கள். பிஸியோ விட்டுப்போவதும் நஷ்டம், ஃபைலில் அந்த மாதங்கள் காலியாகக் கிடக்கும். எந்த வைத்தியராவது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அன்றைக்கே அங்கிருந்து கிளம்பிவிடுங்கள், அவர் எவ்வளவு பெரிய பரம்பரையாக இருந்தாலும் சரி.

ரிப்போர்ட் கேட்டுப் போன் போடும்போது மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கட்டும். பெயர், பிறந்த தேதியெல்லாம் சொல்லி, என் மனைவி பேசலாம் என்று அவரே சொன்னால்தான் உங்களிடம் பேசுவார்கள். காலையில் லைன் திறந்ததுமே போட்டுவிடுங்கள், மதியத்துக்கு மேல் என்றால் பாட்டுத்தான் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.