ஆராதனையில் வாத்தியம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கிறிஸ்துவின் சபையைச் சேர்ந்தவன். எங்கள் ஆராதனையில் இசைக்கருவி கிடையாது, வாயால் மட்டும்தான் பாடுவோம். என் மனைவி சி.எஸ்.ஐ.யில் வளர்ந்தவர். கீபோர்டு இல்லாமல் வெறிச்சென்று இருக்கிறது என்கிறார். எபேசியர் 5:19 பாடத்தானே சொல்கிறது என்றால், வாத்தியங்களோடு கர்த்தரைத் துதிக்கச் சொல்லும் சங்கீதம் 150-ஐ எடுத்துக் காட்டுகிறார். வேதப்படி யார் சொல்வது சரி?

ஜே., நாகர்கோவில்

அன்புள்ள ஜே.,

சில நாட்களாக ஸ்விங்லியைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சூரிச் நகரச் சபையைச் சீர்திருத்தியவர். நல்ல சங்கீத ஞானம், பல வாத்தியங்கள் வாசிப்பார். அவர் காலத்தில்தான், 1527இல், குரோஸ்மூன்ஸ்டர் ஆலயத்து ஆர்கனைப் பிரித்துப் போட்டார்கள். அது மட்டுமல்ல. ‘இருதயத்தில் பாடி’ என்று பவுல் எழுதியதைச் சொல்லி, அதற்கு முன்பே வாய்ப்பாட்டையும் நிறுத்தியிருந்தார்கள். சூரிச் ஆலயங்களில் ஜனங்கள் மறுபடி பாடத் தொடங்கியது 1598இல். நீங்கள் கீபோர்டுக்கு எதிராகக் காட்டும் வசனம் அங்கே பாட்டையே விழுங்கியது. அப்புறம் எந்தத் தைரியத்தில் அதை வைத்து மனைவியை மடக்குகிறீர்கள்?

சங்கீதம் 150 வழக்குக்குள் நான் வரவில்லை. அமெரிக்காவில் இந்தச் சண்டையும் ஒரு காரணமாகித்தான், 1906 மதக் கணக்கெடுப்பில் உங்கள் சபை தனியாகப் பதிவானது. அங்கே தீராதது உங்கள் வீட்டில் தீராது.

என் பெரியம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனைகள் வரிக்கு வரி மனப்பாடம். வீட்டு ஜெபக்கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் ஆரம்பித்துவிடுவார். சரணத்தில் ஆண்களுக்கு எட்டாது. கீழே இறங்கிச் சமாளிப்பார்கள். யாரும் நிறுத்தமாட்டார்கள். கோயிலில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருந்தது. அது சுருதி கொடுத்துவிட்டு அவர் குரலுக்குப் பின்னாலேயே வரும்.

பிறகு டிரம் பேடும் ஆளுயர ஸ்பீக்கரும் வந்தன. நான்கு பேர் மைக்கில் பாட, பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். “பாடலையா பெரியம்மா?” என்று கேட்டால், “அதான் அவங்க பாடுறாங்களே” என்பார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. ஆர்மோனியம் அவர் வாயை அடைக்கவில்லை, ஸ்பீக்கர் அடைத்தது. சபையின் வாயை அடைப்பது எதுவானாலும் அதை வெளியே தூக்கி வைக்கத்தான் வேண்டும். வாத்தியமானாலும் சரி, வசனத்தை வைத்துப் போடும் சட்டமானாலும் சரி.

உங்கள் சபையில் உங்கள் மனைவி பாடுகிறாரா? வசனமெல்லாம் எழுதிய நீங்கள் அதைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. சிறு வயதில் அவர் பாடிய கீர்த்தனை எது என்று கேளுங்கள் தம்பி. இன்று ராத்திரி குடும்ப ஜெபத்தில் அதையே பாடுங்கள். அவர் ஆரம்பிக்கட்டும்.