பட்டிமன்றத்தை நிறுத்துங்கள், டீச்சர்

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நாட்டு நடப்பைப் பற்றிச் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று வகுப்பில் பட்டிமன்றம் நடத்துகிறேன். நன்றாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் வாட்ஸ்அப்பில் வருவதை அப்படியே நம்புகிறார்கள். பெற்றோரோ, 'பள்ளிக்கூடத்துல அரசியல் எதுக்குங்க டீச்சர்?' என்கிறார்கள். என்ன செய்வது?
- ஓர் ஆசிரியை, பெருந்துறை

பதில்: முதலில் பட்டிமன்றத்தை நிறுத்துங்கள். அதில் யார் எந்த அணி என்பது முன்னாலேயே முடிவாகிவிடுகிறது. 'சாயமா, விவசாயமா' என்று தலைப்பு வைத்தால், 'சாயப்பட்டறையே!' அணியில் பெயர் விழுந்த பையன் அதற்குத் தோதானதை மட்டும்தான் தேடுவான். பல பள்ளிகளில் அதையும் தமிழையாவே எழுதிக் கொடுத்துவிடுகிறார். பாதியில் எதிரணி சொல்வது சரி என்று பட்டாலும் அவன் ஒப்புக்கொள்ள முடியாது, அணி தோற்றுவிடும். இதற்குப் பரிசாக ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வேறு.

2023 மார்ச்சில் நடந்ததை வகுப்பில் எடுத்துப் பாருங்கள். திருப்பூர்ப் பக்கம் பீகார் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பறந்தன. வேறு ஏதோ தகராறில் எடுத்த காட்சிகளுக்குப் புதுக் கதை ஒட்டியிருந்தார்கள். ரயிலடிக் கூட்டத்தைக் காட்டி, பயந்து ஓடுகிறார்கள் என்றார்கள். ஹோலிக்கு ஊருக்குப் போகிற சமயம் அது. கடைசியில் பீகார் அரசே அதிகாரிகளை அனுப்பி விசாரித்தது. வதந்தி என்று தெரிந்தது. பிள்ளைகளிடம் கேளுங்கள்: இந்த வீடியோ எந்த ஊரில், எந்தத் தேதியில் எடுத்தது? அன்றைக்கே உண்மை தெரிய யாரைக் கேட்டிருக்கலாம்? பனியன் கம்பெனிக்குப் போகிற அப்பாவையோ, பக்கத்து லைன் வீட்டுக்காரரையோ கேட்டிருந்தால் போதும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'அப்ப எல்லா நியூஸும் பொய்தானுங்க' என்று ஒருவன் எழுந்திருப்பான். அவனை உட்கார வையுங்கள். எல்லாவற்றையும் நம்புகிறவனுக்கும் எதையுமே நம்பாதவனுக்கும் தேடிப் பார்க்கிற வேலை மிச்சம், அவ்வளவுதான்.

அப்புறம் சாயப்பட்டறை விஷயம். ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குக் கூப்பிடு தூரம். பாசனத்துக்கென்று 1992இல் நொய்யல் ஆற்றின் குறுக்கே கட்டியது. அதில் திருப்பூர்ப் பட்டறைகளின் சாயத்தண்ணீர் தேங்கி, நீரைத் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே சொல்கிற நிலைமை வந்தது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனையை நிறைவேற்றாத பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடின.

இதில் சாயமா, விவசாயமா என்று கேட்டால் பிள்ளைகளுக்கு அடுக்குமொழிதான் வரும். வேறு மாதிரி கேளுங்கள். மூடிய மாதங்களில் கூலி போனது யாருக்கு? சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பணம் யார் போட்டார்கள்? தண்ணீரைப் பிரித்தெடுத்தபின் மிஞ்சுகிற உப்பு எங்கே போகிறது? கடைசிக் கேள்விக்கு உங்களுக்கே விடை தெரியாமல் இருக்கலாம். நல்லதுதான், சேர்ந்து தேடுங்கள். ஆளுக்கொரு பாட்டிலில் வீட்டுக் கிணற்று நீரையோ போர் தண்ணீரையோ கொண்டுவரச் சொல்லி, ஒரு டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பாருங்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் சின்னக் கருவி அது. குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம், வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் 2000 வரை என்பது இந்தியத் தர அளவு. அளவு கூடினால் உடனே சாயத்தின் மேல் பழி போடவும் விடாதீர்கள். நம் பக்கத்துப் பாறை நிலத்தில் ஆழ்துளைத் தண்ணீர் இயல்பாகவே உப்பாக இருக்கும் இடங்கள் உண்டு.

பெற்றோர் சொல்கிற அரசியலுக்கு வருகிறேன். எந்தக் கட்சி நல்லது என்று நீங்கள் சொன்னால் அவர்கள் சண்டைக்கு வருவது நியாயம். இந்தச் செய்தி எப்படித் தெரிந்தது என்று பிள்ளை கேட்பதற்கும் கட்சிக்கும் சம்பந்தமில்லை. பட்டறை வைத்திருக்கும் பெற்றோர் ஒருவரையும் நொய்யல் கரை விவசாயி ஒருவரையும் ஒரே நாளில் வகுப்புக்குக் கூப்பிட்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள். அதற்குமுன் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.